கன்னத்தில் புண், கழுத்தில் ஏன் கத்தி?

ஐதராபாத்

அன்புள்ள தம்பிக்கு,

பிளஸ் டூ உயிரியல் புத்தகத்தில் நீ கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. ஐதராபாத் ரெட்ஹில்ஸில் இருக்கிறது எம்.என்.ஜே. புற்றுநோய் மருத்துவமனை, பதிலை அங்கிருந்து தொடங்கலாம். பின்னாளில் குஜராத்தின் முதல் ஆளுநரான மெஹ்தி நவாஸ் ஜங்கின் பெயரில் 1955 முதல் இயங்கும் அரசு மருத்துவமனை அது. புகையிலையும் குட்காவும் அடக்கி, கன்னத்தின் உட்புறம் ஆறாத புண்ணோடு வருகிறவர்கள் இத்தகைய மருத்துவமனைகளில் என்றும் உண்டு. டாக்டர் வாயைப் பார்த்த கையோடு தாடைக்குக் கீழே தடவுவார், நெறி கட்டியிருக்கிறதா என்று.

அவர் தேடுவது புண்ணை விட்டுக் கிளம்பிப் போன செல்களை.

தடவினால் ஒன்றும் தட்டுப்படாவிட்டாலும் அவை போயிருக்கலாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் அனில் டி'குரூஸ் குழு 2015-இல் இதைத் தெளிவாகக் காட்டியது. கழுத்தில் கட்டி தென்படாத ஆரம்பநிலை வாய்ப்புற்று நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு வாய் அறுவையோடு கழுத்து நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கட்டி தென்பட்ட பிறகுதான் கழுத்தில் கத்தி வைத்தார்கள். மூன்றாண்டு முடிவில் முதல் பிரிவில் 80 சதவீதமும் அடுத்ததில் 67.5 சதவீதமும் உயிரோடு இருந்தனர். எந்த விலையுயர்ந்த மருந்தும் இல்லாமல் கிடைத்த வித்தியாசம் இது!

சரி, ஒரு செல் எப்படிக் கிளம்புகிறது? வாய், குடல், மார்பகம் ஆகியவற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் எபிதீலியச் செல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன. பற்றுவதில் முக்கியமான புரதம் ஈ-கேட்ஹெரின். பாடநூல்கள் இதைச் செங்கல்லுக்கு இடையிலான சாந்து என்று எழுதும். அது பாதிதான் சரி. சாந்து காய்ந்தால் கதை முடிந்தது. இந்தப் புரதத்தையோ செல் உள்ளே இழுத்துக்கொள்கிறது, மறுபடி வெளியே அனுப்புகிறது, வேண்டுமானால் அதன் மரபணுவையே அணைத்து வைக்கிறது.

இதைக் கண்டறிந்த கதை சுவையானது. ஜப்பானின் மசாதோஷி தாகெய்ச்சி, கியோட்டோவில் டிரிப்சின் என்ற நொதியை ஊற்றிச் செல்களைப் பிரிப்பார். கலக்கிவிட்டால் அவை திரும்பவும் கூடிக்கொள்ளும். 1970களில் அமெரிக்காவின் பால்டிமோருக்குப் போய் அதே வேலையைச் செய்தார். கூடவில்லை. துருவிப் பார்த்ததில், அந்த ஆய்வகத்து டிரிப்சின் கரைசலில் இடிடிஏ கலந்திருந்தது தெரிந்தது. இடிடிஏ கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியம் இல்லாவிட்டால் ஒட்டும் புரதம் வடிவம் குலைந்து டிரிப்சினுக்கு இரையாகிவிடும். ஒத்துவராத ஒரு சோதனையை ஓரம் கட்டாமல் துரத்தியதால் கிடைத்ததுதான் கேட்ஹெரின்.

மார்பகப் புற்றுநோயில் லோபுலார் என்று ஒரு வகை. பெரும்பாலும் அதில் ஈ-கேட்ஹெரின் இருக்காது. பயாப்சி ஸ்லைடில் செல்கள் கட்டியாகத் திரளாமல் ஒற்றை வரிசையில் ஊர்ந்து செல்வது தெரியும். சந்தேகம் வந்தால் பேத்தாலஜிஸ்ட் இந்தப் புரதத்துக்குச் சாயம் போட்டுப் பார்ப்பார். நியூசிலாந்தில், தலைமுறை தலைமுறையாக வயிற்றுப் புற்றுநோய்க்குப் பலரைப் பறிகொடுத்த மாவோரிக் குடும்பங்கள் ஆய்வாளர்களோடு கைகோத்தன. அவர்களில் நோய் கண்டவர்களுக்கு இதே புரதத்தின் மரபணு பிறவியிலேயே பழுதாகியிருந்ததை 1998-இல் பாரி கில்ஃபோர்ட் குழு கண்டது. இன்று அந்தப் பழுது உள்ளவர்களில் சிலர் நோய் வருமுன்பே இரைப்பையை எடுத்துவிடுகிறார்கள்.

அப்படியானால் ஒட்டு விட்டதுதான் புற்று பரவக் காரணம் என்று எழுதி மார்க் வாங்கிவிடலாமா? அவசரப்படாதே. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வீணா பத்மநாபன், ஆண்ட்ரூ எவால்ட் குழு, எலிகளின் மார்பகப் புற்றுச் செல்களிலிருந்து ஈ-கேட்ஹெரினை நீக்கிப் பார்த்தது. 2019-இல் வந்த முடிவு பலரைத் திகைக்க வைத்தது. செல்கள் சுற்றுத் திசுவுக்குள் முன்னைவிட அதிகம் ஊடுருவின. ஆனால் வழியிலேயே ஏராளமாகச் செத்தன. தொலைவில் புதுக் கட்டி உண்டாவது குறைந்தது.

காரணத்தின் ஒரு பகுதி முன்பே தெரிந்ததுதான். பற்றுக்கோடு இழந்த செல் தன்னையே அழித்துக்கொள்ளும். இதற்கு அனோய்கிஸ் என்று பெயர். சுற்றியுள்ள இழைகளைப் பற்ற உதவும் இன்டெக்ரின் என்ற இன்னொரு வகைப் புரதம், 'பிடித்திருக்கிறேன், பிழைத்திரு' என்ற செய்தியையும் உள்ளே அனுப்புகிறது. ரத்தத்தில் தனியாக மிதக்கும் புற்றுச் செல்லுக்கு அது கிடைப்பதில்லை. அதனால்தான் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கொத்தாகப் போகிறவை அதிகம் பிழைக்கின்றன. நிகோலா அசெட்டோ குழு 2014-இல் எலிகளில் அளந்தபோது, கொத்துகள் ஒற்றைச் செல்களைவிட 23 முதல் 50 மடங்கு வரை அதிகமாகப் புதுக் கட்டிகளை உண்டாக்கின.

ஆக, கிளம்பும் இடத்தில் ஒட்டு தளர வேண்டும், வழியில் கொஞ்சம் ஒட்டு வேண்டும், குடியேறும் இடத்தில் மறுபடி பற்ற வேண்டும். மருந்து தேடுகிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. சில இன்டெக்ரின்களை அடைக்கும் சிலெங்கிடைடு மருந்தை மூளைப் புற்றுநோயில் சோதித்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தும் ஆயுள் கூடவில்லை என்று 2014-இல் முடிவு வந்தது.

ஐதராபாத் ஹப்சிகூடாவில் உள்ள சி.சி.எம்.பி. உயிரியல் ஆய்வு மையத்தில் பள்ளி மாணவர்களுக்குக் கதவு திறக்கும் நாட்கள் உண்டு. போனால், தட்டில் வளரும் செல்லை எப்படிப் பெயர்த்தெடுக்கிறார்கள் என்று கேள். பெரும்பாலும் டிரிப்சினும் இடிடிஏவும் கலந்த அதே கரைசலைக் காட்டுவார்கள்.

அன்புடன்,
அண்ணன்