குப்பையும் குடும்ப நலமும்



குடும்ப நலம் என்றதும் பிரசவம், தடுப்பூசி, பிள்ளைகளுக்கிடையே போதிய இடைவெளி ஆகியவைதான் நம் நினைவுக்கு வரும். அவையெல்லாம் தேவைதான். ஆனால் தடுப்பூசி போட்ட குழந்தைக்கும் வாசல் குப்பையில் மொய்த்த ஈயால் வயிற்றுப்போக்கு வரலாம். சத்து மாத்திரை தவறாமல் சாப்பிடும் கர்ப்பிணியையும் கொல்லைப்புறத்து டயரில் பிறந்த கொசு கடிக்கத்தான் செய்யும். ஆகவே குப்பையும் குடும்ப நலத்தில் சேர்ந்ததே.

நம் ஊர்க் குப்பை மாறிவிட்டது

முன்பெல்லாம் வாலாஜாபாத் சுற்றுப்புறக் கிராமங்களில் குப்பை என்றால் சாணம், வைக்கோல், சாம்பல், காய்கறித் தோல் இவ்வளவுதான். எல்லாம் எருக்குழிக்குப் போகும். பிறகு வயலுக்குப் போகும். இன்று நம்மில் பலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறோம். வெளியூர்க்காரர்களும் நம் தெருவில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். பால் கவர், பிஸ்கட் பாக்கெட், பார்சல் சாப்பாட்டுப் பை, தண்ணீர் பாட்டில், குழந்தைக்கு டயப்பர் என்று குப்பை பெருகிவிட்டது. இவை மண்ணில் மக்குவதில்லை. கால்வாயை அடைக்கின்றன; மழையில் ஏரிக்கும் பாலாற்றுக்கும் போகின்றன. மாடு தின்றால் அதன் வயிற்றிலேயே தங்கிவிடுகின்றன.

நோய் எப்படி வருகிறது?

ஈ: அழுகிய குப்பையிலும் மலத்திலும் ஈ முட்டையிடும். வெயில் காலத்தில் 7 முதல் 10 நாளில் முட்டை ஈயாகிவிடும். அதே ஈ பிள்ளையின் சோற்றில் உட்கார்ந்தால் வயிற்றுப்போக்கும் சீதபேதியும் வரும்.

கொசு: டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. கொட்டாங்கச்சி, டயர், உடைந்த பானை, பிளாஸ்டிக் கப்பு இவற்றில் தேங்கிய தெளிந்த நீரே அதற்குப் போதும். பகலில்தான் கடிக்கும். அதன் முட்டை ஈரமில்லாமலும் பல மாதம் பாத்திரத்தில் ஒட்டிக் கிடந்து, மழை பெய்ததும் பொரிக்கும். கர்ப்பிணிக்கு டெங்கு வந்தால் தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து.

புகை: "கொளுத்திட்டா தீர்ந்துது" என்று சிலர் சொல்கிறார்கள். தீரவில்லை, ஐயா! பிளாஸ்டிக் எரிந்த நச்சுப் புகையை முதலில் சுவாசிப்பது நம் வீட்டார்தான். கர்ப்பிணி, கைக்குழந்தை, ஆஸ்துமா உள்ள பெரியவர் இவர்களுக்குக் கேடு அதிகம்.

சூரத் தந்த பாடம்

குஜராத் மாநிலத்துச் சூரத் நகரில் 1994 செப்டம்பரில் பிளேக் நோய் கண்டது. மழை வெள்ளத்துக்குப்பின் குப்பை மலிந்து கிடந்த நகரம் அது. லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினர். 1995-ல் ஆணையராக வந்த எஸ்.ஆர். ராவ் அன்றாடத் துப்புரவை முடுக்கிவிட்டார். சில ஆண்டுகளில் நாட்டின் தூய்மையான நகரங்களுள் ஒன்றென்று சூரத் பெயர் எடுத்தது. கெட்ட ஊரும் திருந்தும் என்பதற்கு இது சான்று.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. மக்கும் குப்பை, மக்காத குப்பை இரண்டையும் வீட்டிலேயே தனித்தனிக் கூடையில் போடுங்கள். 2016-ல் வந்த மத்திய அரசின் விதிகளும் பிரித்துத் தரவே சொல்லின. கலந்துவிட்டால் எருவும் ஆகாது, பழைய சாமான் கடைக்கும் ஆகாது.

2. கொல்லை இருந்தால் 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழத்தில் இரண்டு குழி எடுங்கள். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இடைவெளி வேண்டும். குப்பை போடும்போதெல்லாம் மேலே ஒரு கை மண் தூவினால் ஈ வராது. ஒன்று நிரம்பியதும் மூடி, மற்றதில் போடுங்கள். சில மாதங்களில் எரு தயார்.

3. நாப்கினையும் டயப்பரையும் காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். டயப்பரில் உள்ள மலத்தை முதலில் கழிப்பறையில் கொட்டிவிடுங்கள். உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி இவற்றையும் தனியே கட்டிக் கொடுங்கள். குப்பை வாங்க வருபவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே!

4. வாரம் ஒரு நாள் தண்ணீர்த் தொட்டி, டிரம் இவற்றைத் தேய்த்துக் கழுவி மூடுங்கள். கொட்டாங்கச்சி, டயர் இவற்றை அப்புறப்படுத்துங்கள்.

5. கடைக்குப் போகும்போது மஞ்சப்பை எடுத்துச் செல்லுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு.

இது பெண்கள் வேலை மட்டுமா?

"என்னங்க, குப்பை வண்டி வர்ற நேரத்துல நான் கம்பெனி பஸ்ல இருப்பேனே?"

"நைட் ஷிப்டு முடிஞ்சு நான் வீட்லதானே இருக்கேன்? நீ பிரிச்சு வெச்சுட்டுப் போம்மா, நான் குடுத்துடறேன்."

இப்படிப் பேசி முடிவு செய்யுங்கள். குழி வெட்டுவது, தொட்டி கழுவுவது, பிள்ளைகளுக்குப் பழக்குவது எல்லாம் கணவன் மனைவி இருவருக்கும் பொது. வாடகைக்கு இருப்பவர்களிடமும் அன்பாகச் சொல்லுங்கள். வண்டி ஒழுங்காக வராவிட்டால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். பேரூராட்சியில் இருப்பவர்கள் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

இவ்வளவு செய்தும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் உப்பு சர்க்கரைக் கரைசலை உடனே கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். காய்ச்சல் என்றால் கடையில் மாத்திரை வாங்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்.

இன்றிரவு இருவரும் சேர்ந்து பதில் சொல்லுங்கள்

நம் வீட்டில் எத்தனைக் கூடை உள்ளது? கொல்லையில் தண்ணீர் தேங்கும் பொருள் எது? நாளைக் காலையில் குப்பையைக் கொடுக்கப் போவது யார்?

பிரித்தால் எரு, எரித்தால் நோய்!