கந்தளாய்ப் பக்கம் சைக்கிளில் போகிறீர்களா?

கிண்ணியாவிலிருந்து தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் போகிறவர்கள் சுபஹோடு புறப்பட ஆசைப்படுவார்கள். காட்டோரப் பாதையில் அந்த மைம்மல் பொழுதுதான் ஆபத்து. விடியலிலும் மஃரிபை அண்டியும் யானை பாதையைக் கடக்கும். அதன் சாம்பல் நிறம் அந்த வெளிச்சத்தில் கண்ணுக்குப் பிடிபடாது. நன்றாக வெளுத்த பிறகே காட்டுத் துண்டுக்குள் நுழையுங்கள். புதுச் சாணமோ முறிந்த கொப்போ கிடந்தால் இறங்கி நின்று பாருங்கள். யானையைக் கண்டால் மணி அடிக்க வேண்டாம், கல்லும் எறிய வேண்டாம். சத்தமில்லாமல் திரும்பி வந்து, பஸ்ஸோ லொறியோ வரும்வரை தள்ளி நில்லுங்கள். வாழைப்பழச் சீப்பைக் கரியரில் கட்டிக்கொண்டு போகவே கூடாது. வாசம் யானையை இழுக்கும்.

இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் தலைகுப்புற விழுவீர்கள். இரண்டையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். ஏற்றத்துக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள்.

மே முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று உள்நாட்டிலிருந்து அடிக்கும். போகும்போது எதிர்க்காற்று என்பதால் வழக்கத்தைவிட நேரமும் தண்ணீரும் கூடுதலாக வேண்டும். காட்டுக்குள் ஒட்டுக்கடை இல்லை. மாற்று டியூபும் கைப்பம்பும் பையில் இருக்கட்டும்.