ஜப்பானில் குடும்பத்தோடு ஒரு நாள்: டோக்கியோவா, கியோட்டோவா, கனாசவாவா?

காலையில் ஊர் பார்ப்பது, நடுவில் சந்தைச் சாப்பாடு, பிற்பகலில் ஓர் அருங்காட்சியகம். இப்படி ஒரு நாளுக்கு எந்த ஊர் ஏற்றது என்பதை, வீட்டில் யார் முதலில் களைத்துப்போவார் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் மாலை 5 மணிக்கு மூடிவிடும். நுழைவு அரை மணி முன்னதாகவே நின்றுவிடும். அதனால் சந்தைக்குப் 11 மணிக்கே, கூட்டம் சேருமுன் போய்விடுங்கள். இரண்டாவது அருங்காட்சியகத்தை நினைக்கவே வேண்டாம். பிள்ளைகளுக்கு அது தண்டனை.

சின்னக் குழந்தைகள் இருந்தால் டோக்கியோதான். அசகுசாவில் சென்சோஜி கோயில், அதன் வாசலுக்குப் போகும் சுமார் 250 மீட்டர் நகமிசே கடைத்தெரு. அங்கிருந்து கின்ஸா தடத்தில் ஏறினால் ஐந்தே நிமிடத்தில் உவேனோ. ஜப்பானின் முதல் சுரங்க ரயில் 1927இல் ஓடியது இந்த இரண்டு நிலையங்களுக்கு இடையேதான் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், ஜன்னலை விட்டு நகர மாட்டார்கள். உவேனோவில் ரயில் பாலத்தை ஒட்டி அமெயோகோ சந்தை. போருக்குப் பிந்தைய பஞ்ச காலத்தில் கள்ளச்சந்தையாக முளைத்த இடம் அது. இன்று குச்சியில் செருகிய முலாம்பழத் துண்டிலிருந்து காலணி வரை எல்லாம் கிடைக்கிறது. பூங்காவுக்குள் தேசிய இயற்கை, அறிவியல் அருங்காட்சியகம். வாசலில் முழு அளவு நீலத்திமிங்கிலச் சிலை, உள்ளே டைனோசர் எலும்புகள், எஜமானுக்காக ரயில் நிலையத்தில் காத்திருந்த ஹச்சிகோ நாயின் பதப்படுத்திய உடல். நிரந்தரக் காட்சிக்குப் பள்ளிப் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. பக்கத்திலேயே இருக்கும் டோக்கியோ தேசிய அருங்காட்சியகம் 1872இல் தொடங்கிய பெரும் களஞ்சியம். ஆனாலும் ஐந்து வயதுக் குழந்தையோடு அங்கே போகச் சொல்ல மாட்டேன்.

பத்து வயதைத் தாண்டிய, ரயில் பைத்தியம் பிடித்த பிள்ளைகளுக்குக் கியோட்டோ. காலையில் நிஜோ கோட்டை. நடந்தால் பறவைபோலக் கீச்சிடும் மரத்தரை அங்கே உண்டு. பிறகு நிஷிகி சந்தை, 400 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த ஒரே சந்து. சேவல் ஓவியங்களால் புகழ்பெற்ற இதோ ஜகுச்சு 1716இல் பிறந்தது இங்கே இருந்த காய்கறி மொத்தவியாபாரக் குடும்பத்தில். சந்து குறுகல், தள்ளுவண்டியோடு போனால் திண்டாட்டம். வாங்கியதை அந்தக் கடை முன்னாலேயே நின்று சாப்பிடுங்கள். நடந்துகொண்டே தின்பதை அங்கே விரும்புவதில்லை. கடைசியாக ரயில்வே அருங்காட்சியகம். முதல் தலைமுறை ஷிங்கான்சென் அதிவேக ரயில், 1914இல் கட்டிய அரைவட்ட எஞ்சின் கொட்டகை, ஏறிப் பயணம் செய்ய நீராவி ரயில். மூன்று ஊர்களிலும் பிள்ளைகளை வெளியே இழுத்துவர அதிகம் போராட வேண்டிய இடம் இதுவே.

தாத்தா பாட்டி உடன் வந்தால், இரவு தங்க முடியுமானால், கனாசவா. டோக்கியோவிலிருந்து ஷிங்கான்செனில் இரண்டரை மணி நேரம் ஆகும், அன்றே திரும்புவது அலுப்பு. கென்ரோகுஎன் தோட்டத்துக்கு எதிரிலேயே 21ஆம் நூற்றாண்டு கலை அருங்காட்சியகம். லியாண்ட்ரோ எர்லிச் அமைத்த நீச்சல்குளத்தின் அடியில் நனையாமல் நின்று மேலே பார்க்கலாம். அதற்குக் கூட்டம் நெரியும், முன்பதிவு விவரத்தைக் காலையிலேயே பாருங்கள். ஓமிச்சோ சந்தை மீனுக்கும் நண்டுக்கும் பேர்போனது.

சைவக் குடும்பங்களுக்கு அதுவே சிக்கல். காய்கறிச் சாறு என்று நினைப்பதிலும் கத்சுவோ மீன் சீவலில் எடுத்த தாஷி என்னும் அடிச்சாறு இருக்கும், முட்டைச்சுருளிலும் இருக்கும். சுட்ட சர்க்கரைவள்ளி, பழம், செம்பயற்றுப் பூரணம் வைத்த அரிசி மாவு உருண்டை ஆகியவற்றை நம்பலாம். வயிறு நிறைய வேண்டுமென்றால் மறுபடி டோக்கியோதான். அமெயோகோ முடியும் ஒகாச்சிமாச்சியில் ரத்தினக்கல் வியாபாரத்துக்கு வந்த இந்தியர்கள் உண்டு, இந்திய சைவ உணவகமும் உண்டு.

கிழமையும் முக்கியம். உவேனோ, கனாசவா அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. அது அரசு விடுமுறை நாளானால் திறந்துவைத்து மறுநாள் மூடுவார்கள். கியோட்டோ ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் புதன் விடுமுறை, நிஷிகியிலும் அன்று பல கடைகள் திறப்பதில்லை. திங்கள் என்றால் கியோட்டோ, புதன் என்றால் மற்ற இரண்டில் ஒன்று.