விளக்கு வைக்கிற நேரத்தில் போய்ப் பாருங்கள்

வெள்ளகோவிலைச் சுற்றியுள்ள தோட்டத்து வீடுகள் பலவற்றில் இப்போது பெரியவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். பிள்ளைகள் திருப்பூரில், கோவையில், பெங்களூரில், இன்னும் சிலர் கடல் தாண்டி. அப்பாருக்கோ ஆத்தாளுக்கோ நினைவு தப்ப ஆரம்பித்தால் பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான் முதலில் போன் போட்டுச் சொல்கிறார். ஒன்றிரண்டு வருஷம் எப்படியோ ஓடிவிடுகிறது. பிறகு ஒரு ராத்திரி, கிணற்றுமேட்டில் நின்றவரைக் கைபிடித்துக் கூட்டி வருகிறார்கள். "நல்ல ஹோம் ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க சிஸ்டர்" என்ற பேச்சு அதற்கப்புறம்தான் வருகிறது.

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், இப்படிக் கேட்டு வந்த குடும்பங்களோடு பல சின்ன இல்லங்களுக்குப் போயிருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேர் தங்குகிற, வாடகை வீட்டில் நடக்கிற இல்லங்கள். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள் கண்ணுகளா: நீங்கள் கொண்டுபோய் விடப்போகிறவர் பசித்தாலும் சொல்லமாட்டார், அடித்தாலும் சொல்லமாட்டார். நேற்று நடந்தது அவருக்கு இன்று இருக்காது. அதனால் அவருக்காகக் கேட்க வேண்டியதெல்லாம் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

1. முதலில் டாக்டர், அப்புறம்தான் ஹோம். மறதி எல்லாமே டிமென்ஷியா அல்ல. தைராய்டு குறைவு, பி12 குறைவு, மன அழுத்தம், வருஷக்கணக்கில் விழுங்கிய தூக்க மாத்திரை, எப்போதோ வழுக்கி விழுந்ததில் மண்டைக்குள் மெல்லக் கசிந்து தேங்கிய ரத்தம், இவற்றில் எதுவானாலும் ஆளைக் குழப்பும். பலவற்றைச் சரிசெய்யவும் முடியும். ரத்தப் பரிசோதனை, தலை ஸ்கேன், நரம்பியல் அல்லது மனநல மருத்துவரின் முடிவு, இந்தக் காகிதங்கள் இல்லாமல் கிளம்பாதீர்கள். காகிதமே கேட்காமல் "நாளைக்கே கூட்டிட்டு வாங்க" என்கிற இல்லத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

2. ஊர்வாய்க்குப் பயந்து நாள் கடத்தாதீர்கள். "பெத்தவங்களக் கொண்டுபோய்த் தள்ளிப்போட்டான்" என்று பங்காளிகள் பேசத்தான் செய்வார்கள். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 100க்கு 7 பேருக்கு மேல் டிமென்ஷியா இருக்கிறது, சுமார் 88 லட்சம் பேர், என்று 2023-இல் வெளியான தேசிய ஆய்வு கணக்கிட்டது. இது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த சங்கதி இல்லை. ராப்பகல் தூங்காமல் தனியாளாகப் பார்த்துப் பார்த்து, பெரியவருக்கு முன்னால் தாங்களே படுத்துவிட்ட மருமகள்களை எனக்குத் தெரியும்.

3. பதிவுச் சான்றிதழைக் கையில் வாங்கிப் படியுங்கள். முதியோர் இல்லம் என்றால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால் விவரம் கிடைக்கும். மனநலப் பாதிப்பு உள்ளவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தருகிற இடமென்றால் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தின் பதிவு வேண்டும். எந்த முகவரிக்கு, எத்தனை பேருக்கு, எந்தத் தேதிவரை என்று பாருங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமத்து விவகாரம் வெளியே வந்ததே நம் திருப்பூர்ப் பெரியவர் ஒருவரால்தான். அவரை அங்கே சேர்த்திருந்தார்கள். பார்க்கப் போனபோது, பெங்களூரில் வேறொரு இடத்துக்கு அனுப்பிவிட்டதாகப் பதில் வந்தது. அங்கேயும் அவர் இல்லை. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகே அதிகாரிகள் ஆசிரமத்துக்குள் போனார்கள். உரிய அனுமதி இல்லாமல் நூறு பேருக்கு மேல் அங்கே வைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. ஆகவே ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: குடும்பத்தின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் இவரை வேறெங்கும் மாற்றக்கூடாது. எழுதித் தரத் தயங்குகிற இடம் வேண்டாம்.

4. பகல் பதினொரு மணிக்கு எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். தரை துடைத்திருப்பார்கள், எல்லோருக்கும் தலை வாரியிருக்கும். நீங்கள் விளக்கு வைக்கிற நேரத்தில் போங்கள், சொல்லாமல் போங்கள். பொழுது சாயச் சாய இந்த நோயாளிகளில் பலருக்குத் தவிப்பு கூடும். வீட்டுக்குப் போகணும் என்பார்கள், கதவைத் தட்டுவார்கள், செத்துப்போன அம்மாவைக் கூப்பிடுவார்கள். அப்போது அங்கே இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

கோவைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் நான் பார்த்தது இது. கண்ணபுரம் சந்தைக்கு வருஷம் தவறாமல் மாடு பிடித்துப்போய் வந்த பெரியவர். பொழுது இறங்கியதும் எழுந்துவிட்டார். "மாடு வெளிய நிக்குது, புடிச்சுக் கட்டோணும்." பார்த்துக்கொள்கிற பெண் அவரை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆணியில் தொங்கிய தாம்புக் கயிற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "வாங்க அப்பாரு, ரண்டு பேரும் போய்க் கட்டிப்போட்டு வந்தரலாம்." வாசலைச் சுற்றி நடந்தார்கள். வேப்பமரத்தில் கயிற்றைச் சுற்றி, பழகிய கையால் முடிச்சுப் போட்டார். "தண்ணி காட்டியாச்சா?" என்றார். "காட்டியாச்சுங்க." பேசாமல் வந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். நெதர்லாந்தில் வேஸ்ப் என்ற ஊரில் இந்த நோயாளிகளுக்கென்றே கடையும் தெருவும் தோட்டமுமாக ஹோகவெய்க் என்ற குடியிருப்பை 2009-இல் திறந்தார்கள். அங்கே பெரும் செலவில் செய்வதை இந்தப் பெண் ஒரு கயிற்றை வைத்துச் செய்தாள். அவளுக்குப் பெரிய படிப்பெல்லாம் இல்லை. அந்த வீட்டில் அவளுக்கு நல்ல சம்பளமும் வாரம் ஒருநாள் லீவும் கொடுத்தார்கள், அதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆட்கள் நிலைக்காத இல்லத்தில் இப்படி ஒருத்தி உருவாக மாட்டாள். வேலைக்கு வந்து எத்தனை நாளாச்சு என்று பணியாளர்களிடமே கேளுங்கள்.

5. ராத்திரி யார் விழித்திருக்கிறார்கள்? "ஆள் இருக்காங்க" என்ற பதில் போதாது. எத்தனை பேர், எங்கே படுக்கிறார்கள், ஒருவர் கீழே விழுந்தால் யாருக்குப் போன் போகும், எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த வண்டியில்? வாசல் பூட்டின் சாவி எங்கே மாட்டியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். தீப்பிடித்தால் தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது.

6. ஒரு வேளைச் சாப்பாடு முழுவதும் கூடவே உட்காருங்கள். சில இடங்களில் ஒரே தட்டில் சாதத்தைக் கூழாகப் பிசைந்து, நின்றபடியே இரண்டு மூன்று வாய்களுக்கு மாறி மாறி ஊட்டுவார்கள். முதல் கவளம் தொண்டையில் இருக்கும்போதே அடுத்தது வரும். சாப்பாடு நுரையீரலுக்குள் போய்க் காய்ச்சல் கண்டு இறப்பவர்கள் இந்த நோயில் நிறைய. ஊட்டுகிறவர் எதிரே உட்கார வேண்டும். தட்டைக் காட்டி, "அரிசிம்பருப்பு சாதமுங்க" என்று பேர் சொல்லி, தொண்டை அசைந்து இறங்கியதைப் பார்த்தபிறகு அடுத்த வாய் கொடுக்க வேண்டும். கையால் அள்ளிச் சாப்பிட முடிகிறவரைச் சிந்தினாலும் விட்டுவிட வேண்டும்.

7. மருந்துப் பட்டியலைக் கேளுங்கள். ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின் போன்ற மாத்திரைகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லும் 2008-லும் எச்சரித்திருக்கிறது. சில சமயம் அவை தேவைப்படலாம், டாக்டர் எழுதி, குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு. ஆனால் கூடத்தில் பகலிலேயே எல்லோரும் தலை தொங்கி, எச்சில் வடிய உட்கார்ந்திருந்தால் அங்கே ஆளுக்குப் பதில் மாத்திரை வேலை செய்கிறது. "கட்டி வைப்பீங்களா?" என்றும் நேராகக் கேளுங்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தபடி கேளுங்கள்.

8. கக்கூஸ் கதவு படுக்கையிலிருந்து தெரிகிறதா, கைப்பிடிக் கம்பி இருக்கிறதா, தரை வழுக்குகிறதா. பினாயில் வாசம் தூக்கலாக இருந்தால் எதையோ மறைக்கத்தான்.

9. இல்லத்துக்காரர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். பணம், ஆதார், டயாபர் அளவோடு நிறுத்துகிறார்களா? அல்லது என்ன தொழில் செய்தார், காப்பிக்குச் சர்க்கரை எவ்வளவு, எந்தக் கோயில், எந்தப் பேர் சொன்னால் திரும்பிப் பார்ப்பார் என்றும் கேட்கிறார்களா? நீங்களே இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள். தறி ஓட்டியவருக்கு ஒரு கண்டு நூல் கொடுத்தால் இழை முடிந்துகொண்டே ஒரு மணி நேரம் அமைதியாக இருப்பார். அது அவர்களுக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

10. முன்பணம், திரும்பக் கிடைக்குமா, டயாபர் தனியா, ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாட்களுக்கும் கட்டணமா, எல்லாம் எழுத்தில். சொத்துப் பத்திரம், வங்கிப் புத்தகம், ஏடிஎம் கார்டு எதையும் கொடுக்காதீர்கள். பெரியவரிடம் கைநாட்டு எதுவும் வாங்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். நடு ராத்திரியில் உயிர் போனால் யார் சொல்வார்கள், உடலை எப்போது ஊருக்கு எடுத்துவரலாம் என்பதையும் கேட்கத்தான் வேண்டும். பிள்ளைகள் இதைக் கேட்கக் கூசுவார்கள். மாமன் மச்சான் யாரையாவது கேட்கச் சொல்லுங்கள்.

11. கிரானைட் தரையும் பெரிய கேட்டும் உள்ள தூரத்து இல்லமா, காங்கேயத்திலோ ஈரோட்டிலோ கிடைக்கிற எளிய இல்லமா என்றால், மற்றதெல்லாம் சரியாக இருக்கும்போது பக்கத்தையே எடுங்கள். சந்தைக்கு வந்த சித்தப்பா எட்டிப் பார்க்கிற தூரம் வேண்டும். அடிக்கடி ஆள் வந்து போகிறவரை யாரும் அலட்சியமாக நடத்த மாட்டார்கள். "முதல் ஒரு மாசம் யாரும் வராதீங்க, பழகட்டும்" என்று சொல்லும் இடத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

12. சேர்த்தபின்தான் உண்மையான பரிசோதனை. வாரம் ஒருவர் முறைவைத்துப் போங்கள். போகிறவர் வேட்டியை, சேலையை விலக்கி இடுப்புக்குக் கீழே, குதிகாலில், முதுகில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை எடை போட்டு எழுத வேண்டும். தவறு நடப்பதாகத் தெரிந்து, கேட்டும் திருந்தவில்லை என்றால் முதியோர் உதவி எண் 14567. நன்றாக இருந்தவர் ஒரே நாளில் குழம்பினாலோ, சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலோ "வியாதி முத்திருச்சு" என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். பெரும்பாலும் சிறுநீர்த் தொற்றோ, மலச்சிக்கலோ, தண்ணீர் போதாமையோ இருக்கும். அன்றைக்கே டாக்டரிடம் காட்டி, சிறுநீர்ப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள்.