தமிழ் மறவனும் வெந்தய வரியனும்

2019இல் தமிழ்நாடு அரசு 'தமிழ் மறவன்' என்னும் பூச்சியை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. இதை வகுப்பில் சொன்னதும், "சார், நம்ம தோட்டத்துலயே நிறைய பறக்கு" என்று பிள்ளைகள் கைகாட்டுவார்கள். அவர்கள் காட்டுவது பெரும்பாலும் வெந்தய வரியன். இரண்டுமே ஆரஞ்சு நிறம் என்பதால் வரும் குழப்பம் இது. இந்தக் குழப்பத்தையே பாடமாக்கலாம்.

அடையாளம் காணல்

வெந்தய வரியனின் முன்சிறகு நுனி கறுப்பு. அதில் வெள்ளைப்பட்டை இருக்கும். கறுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். தமிழ் மறவனின் மேற்சிறகில் வெள்ளைப்பட்டை கிடையாது. ஆரஞ்சுச் சிறகைச் சுற்றிக் கரிய விளிம்பு ஓடும். சிறகை மூடினால் அடிப்புறத்தில் வெளிர்ந்த பட்டை தெரியும்.

நிறத்தைவிட உறுதியான அடையாளம் புழு தின்னும் செடி. மறவனின் புழுவுக்கு நீரடிமுத்து இலை வேண்டும். மலையாளத்தில் மரோட்டி எனப்படும் இம்மரத்தின் விதை எண்ணெய் ஒருகாலத்தில் தொழுநோய்க்கு மருந்தாக இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இம்மரம் வளர்வதால் மறவனும் அங்கேதான். வரியனின் புழுவுக்கு எருக்கிலை போதும். அதனால் அது ஊருக்குள்ளும் பறக்கிறது.

செயல்பாடு

பள்ளி அருகிலுள்ள எருக்கஞ்செடியைத் தேர்ந்தெடுங்கள். இலையில் தனித்தனியாக இடப்பட்டிருக்கும் சிறு முட்டைகளைத் தேடச் சொல்லுங்கள். முட்டையுள்ள கிளையில் நூல் கட்டி எண் இடுங்கள். புழுவைப் பாட்டிலில் அடைக்க வேண்டாம், செடியிலேயே வளரட்டும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் நிறப் புழு நான்குமுறை தோல் உரித்து, தலைகீழாகத் தொங்கும் கூட்டுப்புழுவாகும். முட்டை முதல் பூச்சி வரை ஏறத்தாழ ஒரு மாதம். தேதி, நீளம், நிறம் ஆகியவற்றை அட்டவணையில் பதியட்டும். எறும்பும் சிலந்தியும் கொண்டுபோனவற்றையும் எழுத வேண்டும். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. கிளையை ஒடிக்க விடாதீர்கள். முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவச் செய்யுங்கள்.

வளாகத்தைச் சுத்தம் செய்யும்போது முதலில் வெட்டுப்படுவது எருக்குதான். அதை வெட்டினால் இலையிலுள்ள முட்டையும் புழுவும் அதோடு போய்விடும். பூச்செடி மட்டும் நட்டால் தேன் குடிக்க வரும் பூச்சிக்கு முட்டையிட இடம் இருக்காது. வேலியோரத்தில் இரண்டு எருக்கை விட்டுவைக்குமாறு தலைமையாசிரியரிடமும் தூய்மைப் பணியாளரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். கீரிப்பாறை, பேச்சிப்பாறை போன்ற மலையோரப் பள்ளி ஆசிரியர்கள், சுற்றுவட்டாரத்தில் நீரடிமுத்து மரம் நிற்கிறதா என்று பிள்ளைகளின் தாத்தா பாட்டியிடம் கேட்டுவரச் செய்யலாம். மறவனைத் தேடத் தொடங்க வேண்டிய இடம் அந்த மரம்தான்.