முன்சூல்வலிப்பும் மூன்று மாத்திரைகளும்

பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டங்களில் நிறைமாதக் கர்ப்பிணிக்குக் கால் வீங்கினால், “நீர் கோத்திருக்கிறது, பெற்றால் வடிந்துவிடும்” என்று லயத்துப் பெரியவர்கள் தேற்றுவதுண்டு. பெரும்பாலும் அது மெய்யே. ஆயின், வீக்கத்தோடு தலைவலியும் கண் மங்கலும் சேருமாயின் வாளாவிருத்தல் தகாது. முன்சூல்வலிப்பு என்னும் நோயாக அது இருக்கலாம்.

கருவுற்று 20 வாரங்களுக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் உயர்வதும், சிறுநீரில் புரதம் இறங்குவதும் இந்நோயின் வழக்கமான அடையாளங்கள். முற்றினால் ஜன்னி காணும். மூளையில் இரத்தம் கசியவும் கூடும்.

நோயின் வேர் நஞ்சுக்கொடியில் உள்ளது. கருவின் மரபில் பாதி தந்தையுடையது. ஆதலின் தாயுடலுக்கு அது ஓரளவு அயற்பொருளே. அதனை எதிர்க்காமல் ஏற்கச் செய்பவை ஒழுங்காற்றும் டி-அணுக்கள். இந்நோயில் இவை குறைந்தும், அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 போன்றவை மிகுந்தும் காணப்படுகின்றன. கருப்பைத் தமனிகள் போதிய அளவு விரிவதில்லை. இரத்தம் பற்றாத நஞ்சுக்கொடி வெளியிடும் புரதங்கள் தாயின் இரத்தக் குழாய்களைத் தாக்க, அழுத்தம் ஏறுகிறது.

அழுத்தத்தைக் குறைத்தால் நோய் நீங்குமா? நீங்காது. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளிப்படுதலே தீர்வு. பின், மருந்து எதற்கு? தாயின் மூளையைக் காப்பதற்கும், தக்க மருத்துவமனையை அடையும்வரை காலம் பெறுவதற்குமே.

இங்கேதான் நாகபுரி ஆய்வு நமக்குப் பயன்படுகிறது. அங்குள்ள இரண்டு அரசு மருத்துவமனைகளில் 2015 முதல் 2017 வரை, கடுமையான அழுத்தமுற்ற 894 கர்ப்பிணிகளுக்கு மூன்று மாத்திரைகளுள் ஒன்று அளிக்கப்பட்டது. ஆறு மணி நேரத்துக்குள், தீங்கின்றி அழுத்தம் அடங்கியோர் நிபெடிபின் பெற்றவருள் 84 விழுக்காடு. லபெட்டலால் பெற்றவருள் 77. மெதில்டோபா பெற்றவருள் 76. முடிவுகள் 2019-இல் வெளியாயின. மூன்றுமே விலை மலிந்தவை, வாய்வழி உட்கொள்பவை. ஊசியும் இடைவிடாக் கண்காணிப்பும் அரிதான இடங்களுக்கு இது பெரும் செய்தி. எனினும் மருத்துவர் சொல்லாமல் இவற்றை உண்ணலாகாது. ஜன்னியைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட்டும் தனியே வேண்டும்.

நண்பர்களே, டி-அணுக்களை எண்ண ஆய்வுக்கூடம் வேண்டும். அழுத்தத்தை அறியவோ கையில் கட்டும் ஒரு பட்டை போதும். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, லயத்திலுள்ள பிள்ளைத்தாய்ச்சியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “அக்கா, பிரஷர் பார்த்தீர்களா?”