எல்லாவற்றையும் செய்ய நேரமில்லை. எதை முதலில் செய்வது?



2022ஆம் ஆண்டு, 60 வயது நிறைந்து, ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றேன். மறுநாள் காலை ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, இனிச் செய்ய வேண்டியவை என்று ஒன்பது காரியங்களை எழுதினேன். நடைப்பயிற்சி செய்து இனிப்பு நீரைக் கட்டுக்குள் வைப்பது, தேவாரத்தைப் பண்ணோடு பாடப் பழகுவது, பெரியபுராணத்தை முழுவதும் படிப்பது, வடமொழி கற்பது, கணினியில் தமிழ்த் தட்டச்சு பழகுவது, திருக்கயிலாய யாத்திரை, நம் ஆலயத்தின் வரலாற்றை எழுதுவது, பேரனுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுப்பது, வீட்டின் பின்புறம் காய்கறித் தோட்டம் போடுவது. ஒன்பதும் நல்ல காரியங்களே. அதனால்தான் எதையும் விட மனம் வரவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது ஒன்பதும் தொடங்கப்பட்டிருந்தன, ஒன்றுகூட முடிந்திருக்கவில்லை.

இதனால் நேர்ந்த ஓர் இழப்பை இங்கே சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் மரத்தடியில் சூலமாக இருந்த நம் ஆலயம் கட்டடமாக எழுந்த காலத்தை நேரில் கண்டவர், எங்கள் வட்டாரத்தில் ஒரே ஒரு பெரியவர்தான் எஞ்சியிருந்தார். வயது 88. அவரைச் சந்தித்துக் கேட்டு எழுதிக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் என்னைக் கண்டால், "வாத்தியாரே, நோட்டுப் புத்தகத்தோட எப்ப வரப் போறீங்க?" என்பார். "தைப்பூசம் முடியட்டும் ஐயா" என்பேன். தைப்பூசம் முடிந்தது. பிறகு வடமொழி வகுப்பு, அதன்பின் கணினி வகுப்பு. 2024ஆம் ஆண்டு புரட்டாசியில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

கருமகிரியை அன்று அவருடைய மகள் ஓர் உறையை என் கையில் கொடுத்தார். எனக்காகப் பெரியவர் எடுத்து வைத்திருந்ததாம். உள்ளே ஆலய அடிக்கல் நாட்டு விழாப் படம். 23 பேர் நிற்கிறார்கள். நால்வரை மட்டுமே எனக்குத் தெரிகிறது. பின்புறத்தில் பெயர் இல்லை, ஆண்டும் இல்லை. அவர் அருகில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் 23 பெயர்களும் கிடைத்திருக்கும். அன்றிரவு நான் உறங்கவில்லை.

வள்ளுவர் வகுத்த வரிசை

பள்ளியில் பலமுறை சொல்லிக் கொடுத்த ஒன்றை அப்போதுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். திருக்குறளின் பொருட்பாலில் 47ஆம் அதிகாரம் தெரிந்து செயல்வகை. அடுத்தது வலியறிதல். அதற்கடுத்துக் காலமறிதல், 50ஆவது இடனறிதல். அரசனுக்குச் சொன்னவைதாம், ஆயினும் குடும்பத்தானுக்கும் பொருந்தும். முதலில் செயலைத் தேர்ந்துகொள். பிறகு உன் வலிமையை அளந்துகொள். பிறகு காலத்தைப் பார். அதன்பின் இடத்தைப் பார். நான் தலைகீழாகச் சென்றிருந்தேன். எங்கே வகுப்பு நடக்கிறது, எந்நாளில் நடக்கிறது என்று பார்த்துச் சேர்ந்தேன். எது எனக்குரிய செயல் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

உ.வே.சா. காட்டிய வழி

தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே, அங்கு முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டு, பழைய நூல்களின் பக்கம் அவர் கருத்தைத் திருப்பினார். ஐயர் சைவர், சிந்தாமணியோ சமண காப்பியம். சமணர்களிடமே சென்று அவர்கள் சமயக் கருத்துகளைக் கேட்டறிந்து, 1887ஆம் ஆண்டு நூலைப் பதிப்பித்தார். பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று பணி தொடர்ந்தது. கல்லூரியில் பாடமும் சொல்லிக்கொண்டேதான் இவ்வளவும் செய்தார்.

அவர் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கியது 1940ஆம் ஆண்டில். 'என் சரித்திரம்' நிறைவு பெறுமுன்னே 1942ஆம் ஆண்டு மறைந்தார். அது குறையாக நின்றது நமக்கு வருத்தமே. ஆனால் எண்ணிப் பாருங்கள். தம் கதையை முதலில் எழுதிவிட்டு, ஏடுகளைப் பிறகு பார்க்கலாம் என்று இருந்திருந்தால், அதற்குள் செல்லரித்து மண்ணானவை எத்தனையோ! காத்திருக்கக்கூடியது எது, காத்திராதது எது என்பது அவர் செய்த பணியின் வரிசையிலேயே தெரிகிறது.

மூன்று கேள்விகள்

ஒன்பது காரியங்களையும் மீண்டும் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்று கேள்விகளை இட்டேன்.

முதற்கேள்வி: இது எனக்காகக் காத்திருக்குமா? பெரியபுராணம் காத்திருக்கும், இத்தனை நூற்றாண்டு இருந்த நூல் இன்னும் சில ஆண்டு பொறுக்கும். ஏழு வயதுப் பேரன் அடுத்த ஆண்டு எட்டு வயது ஆகிவிடுவான். முதியவர்களின் நினைவும் காத்திராது.

இரண்டாம் கேள்வி: நான் செய்யாவிட்டால் வேறு யாரேனும் செய்வார்களா? தட்டச்சை நம் இளைஞர் அணியினர் என்னைவிடப் பத்து மடங்கு வேகமாகச் செய்வார்கள். ஆனால் அந்தப் பெரியவர் தலைமுறையிடம் உட்கார்ந்து பேச அவர்களுக்கு அறிமுகம் இல்லை. எனக்கு உண்டு.

மூன்றாம் கேள்வி: இது கெட்டால் மற்றவையும் கெடுமா? உடல்நலம் அத்தகையது. இனிப்பு நீர் கண்ணைக் கெடுத்துவிட்டால் எழுதுவது எப்படி? காலைக் கெடுத்துவிட்டால் ஆலயத்தைச் சுற்றுவது எப்படி?

மூன்று கேள்விகளையும் தாண்டி நின்றவை மூன்றே: நடைப்பயிற்சி, ஆலய வரலாறு, பேரனின் தமிழ்.

ஒரு சிறு கணக்கு

ஓய்வு பெற்றவருக்கு நாள் முழுதும் நேரம் என்பார்கள். உண்மையில் மனம் தெளிவாக உள்ள நேரம் எனக்கு நாளொன்றுக்கு இரண்டு மணிதான். வாரத்திற்கு 14, ஆண்டுக்கு 728. ஒன்பது காரியங்களுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு ஆண்டு முழுவதும் 80 மணி நேரம். அதாவது வாரத்திற்கு ஒன்றரை மணி. இந்த வாரம் படித்தது அடுத்த வாரம் மறந்துபோகும். மூன்றுக்கு மட்டும் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 242 மணி நேரத்துக்கு மேல் கிடைக்கிறது. கால அட்டவணை போடும் எந்த ஆசிரியரும் அறிந்ததே இது. புதிதாக ஒரு பாடவேளையை நுழைத்தால் ஏதோ ஒரு பாடத்திலிருந்து அதை எடுத்தாக வேண்டும்.

விட்டதும் வீண்போவதில்லை

பட்டியலில் அடிக்கும்போது என் கை நடுங்கியது திருக்கயிலாயத்தின் முன்தான். இளமையிலிருந்து கண்ட கனவு. மலையை வலம்வர 52 கிலோமீட்டர் நடக்க வேண்டும். வழியிலுள்ள கணவாய் 5,600 மீட்டருக்கு மேல் உயரம். மருத்துவர் வேண்டாம் என்றுவிட்டார்.

அப்போது அப்பர் சுவாமிகளை நினைத்தேன். தள்ளாத வயதில் கயிலைக்குப் புறப்பட்டு, கால் தேய்ந்தபின் கையால் ஊர்ந்து, அதுவும் இயலாமல் உருண்டு சென்றார் என்று பெரியபுராணம் கூறுகிறது. இறைவனோ அவரை அங்குள்ள பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றில் எழச் செய்து, கயிலைக் காட்சியை அங்கேயே காட்டியருளினார். அப்பர் வேண்டியது காட்சி, அது கிடைத்தது. மலை ஏறுவது அதற்கு ஒரு வழியாக இருந்தது. நம் இலக்குகளிலும் உள்ளே இருக்கும் வேட்கை ஒன்று, வெளியே தெரியும் வழி ஒன்று. வழி அடைபடும்போது வேட்கையைக் கைவிட வேண்டியதில்லை. பிரதோஷ நாட்களில் நம் ஆலயத்தை வலம்வரும்போது அதையே எனக்குக் கயிலை வலமாக எண்ணிக்கொள்கிறேன்.

நிறுத்திய மற்றவற்றை 'பிறகு' என்ற தலைப்பில் தனிப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன். மூன்றில் ஒன்று முடிந்தால்தான் அந்தப் பக்கத்தைத் திறப்பேன். இதற்காகச் சிலரிடம் "இயலாது" என்று சொல்ல நேர்ந்தது. அன்னதானத் துணைக்குழுவில் இருந்தும் விலகினேன். முதலில் மனத்தாங்கல் இருந்தது. காரணம் சொன்னபின் ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போது செவ்வாயும் சனியும் முதியவர்களின் இல்லங்களுக்குச் செல்கிறேன். இதுவரை பதினோரு பேரிடம் கேட்டு எழுதியாகிவிட்டது. பேரன் தன் பெயரையும் என் பெயரையும் பிழையின்றி எழுதுகிறான்.

அன்பர்களே, இன்றிரவு ஒரு தாளை எடுங்கள். உங்கள் விருப்பங்களை எல்லாம் எழுதி, அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். மூன்றுக்கு மேல் எஞ்சினால் மறுபடியும் கேளுங்கள். இது இந்த வாத்தியார் தரும் வீட்டுப்பாடம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பெரியவர் விட்டுச்சென்ற அந்தப் படத்தை இம்மலரில் அச்சிட்டிருக்கிறோம். உங்கள் தாத்தா, பாட்டி, பெரியப்பா எவரேனும் அதில் இருக்கலாம். வீட்டிலுள்ள முதியவர்களிடம் காட்டுங்கள். ஒரு பெயர் கிடைத்தாலும் ஆலய அலுவலகத்தில் தெரிவியுங்கள். அடுத்த வாரம் என்று தள்ளிவைக்காதீர்கள்.

எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் நலம் அருள்வானாக.